பத்திரத்தில் எழுதாத பணம்

நிலம் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஊருக்குள் நுழைந்த அன்றே டீக்கடையில் அடிபடும் சொல் "நாலு மடங்கு". 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் வந்ததிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. சந்தை விலையைப் போல நாலு மடங்கு கிடைக்கும், எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறவர்களும் உண்டு; அந்த நாலு மடங்கை நம்பி முன்கூட்டியே கடன் வாங்கியவர்களும் உண்டு. பிறகு தீர்வம் வரும், அதாவது இழப்பீடு இவ்வளவு என்று முடிவு செய்யும் ஆணை. கையில் வரும் தொகை அக்கம்பக்கத்தில் நிலம் கைமாறும் விலையைக்கூட எட்டியிருக்காது. "ஏமாத்திட்டாங்க" என்று ஊர் கொதிக்கும். அலுவலகத்தில் கேட்டால், சட்டப்படி ஒரு பைசா குறையாமல் கணக்குப் போட்டிருப்பதாகத் தாளை எடுத்துக் காட்டுவார்கள். பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டு பேச்சுமே உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிற கேள்வி.

முதலில் அந்த நாலு மடங்கு. சட்டத்தின் முதல் அட்டவணைப்படி கிராமப்புற நிலத்தின் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்க வேண்டும். எந்த ஊருக்கு எவ்வளவு என்று மாநில அரசு முடிவு செய்யும். நகர்ப்புறத்துக்கு 1 மட்டுமே. பெருக்கி வந்ததோடு மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பைச் சேர்த்து, அந்த மொத்தத்துக்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகத் தருவார்கள். ஆக நகரத்தில் இரண்டு மடங்கு. கிராமத்தில் காரணி 1.25 என்றால் இரண்டரை மடங்கு. காரணி 2 ஆக இருந்தால்தான் நாலு. சரி, இரண்டரை மடங்கே ஆகட்டும், சந்தை விலைக்கு மேல்தானே வர வேண்டும்? அங்கேதான் சிக்கல். சட்டத்தில் சந்தை மதிப்பு என்பது ஊரில் பேசப்படும் விலை கிடையாது. பத்திரத்தில் எழுதப்பட்ட விலை.

சென்ட் 20,000 ரூபாய்க்குக் கைமாறிய நிலத்தை, பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 7,000 என்பதால் 7,000 என்றே எழுதிப் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 13,000 மஞ்சள் பையில் போய்விடும். ஊரெல்லாம் இப்படித்தான் என்றால் சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஊரின் சந்தை மதிப்பு 7,000. இரண்டரை மடங்கு போட்டால் 17,500. உண்மை விலையை விட 2,500 குறைவு. தாராளமாக வடிவமைத்த ஒரு சட்டம், ஒரு காசு குறைக்காமல் நிறைவேற்றப்பட்டும், நிலத்துக்காரரை நட்டத்தில் விடுவது இப்படித்தான்.

இந்தக் கள்ளக்கணக்கில் மிச்சமானது எவ்வளவு என்று பார்த்தால் இன்னும் கசக்கும். 2017-க்கும் 2023-க்கும் இடையில் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், ஆக 11. எழுதாமல் விட்ட 13,000-க்கு வாங்கியவர் மிச்சம் பிடித்தது சென்ட்டுக்கு 1,430 ரூபாய். அதே 13,000 சந்தை மதிப்பில் ஏறியிருந்தால் இழப்பீட்டில் கூடியிருப்பது, 1.25-ஆல் பெருக்கி ஆறுதல் தொகையும் சேர்த்து, 32,500 ரூபாய். மிச்சம் பிடித்தவர் ஒருவர். இழப்பவர்களில் பத்திர ஆபீஸ் பக்கமே போகாமல், பாட்டன் நிலத்தில் உழுதுகொண்டிருந்த பக்கத்துக் காட்டுக்காரரும் உண்டு. அவர் தலையில் எழுதியது யாரோ ஒருவருடைய கிரையப் பத்திரம்.

பழியை முழுக்க ஊரின் மேல் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. வழிகாட்டி மதிப்பை நிர்ணயிப்பது அரசு. 2017 ஜூன் 9 முதல் தமிழ்நாடு முழுக்க அதை 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனது. வீடு, மனை வாங்குகிறவர்கள் மகிழ்ந்தார்கள். நில எடுப்புக் கணக்கில் அந்தக் குறைப்பு எப்படி இறங்கும் என்று அப்போது பேசியவர்கள் குறைவு. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கான அறிவிக்கைகள் 2018-இல் வந்தன. 2023-இல்தான் பழைய மதிப்புக்குத் திரும்பினார்கள், பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது. 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள். இத்தனைக்கும், நில எடுப்பைத் தொடங்கும் முன் அந்தப் பகுதியின் மதிப்பை நடப்பு விலைக்கேற்பத் திருத்த எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று 26(3)-ஆம் பிரிவு ஆட்சியருக்குக் கட்டளை இடுகிறது. ஆட்சேபனை மனுக்களில் அதிகம் எழுதப்பட வேண்டியதும், அதிகம் விடுபட்டுப்போவதும் இந்த ஒரு வரிதான்.

பாதிக்கு மேல் பாதி

பணம் கூடுவதும் குறைவதும் தீர்மானமாகிற இடம் 26(1). கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே. இரண்டு மதிப்புகளை எடுத்து எது அதிகமோ அதைக் கொள்ள வேண்டும்: ஒன்று வழிகாட்டி மதிப்பு, மற்றொன்று அருகிலுள்ள அதே வகை நிலங்களின் சராசரி விற்பனை விலை. (தனியாருக்காகவோ அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்காகவோ எடுத்தால் ஒப்புக்கொண்ட தொகை என்று மூன்றாவதும் உண்டு.) சராசரிக்கு, நில எடுப்பு முன்மொழியப்பட்ட ஆண்டுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி வகுக்கக் கூடாது. விலையின்படி வரிசைப்படுத்தி, அதிக விலை எழுதிய பாதிப் பத்திரங்களை மட்டும் எடுத்துச் சராசரி காண வேண்டும். குறைத்து எழுதும் பழக்கம் தெரிந்துதான் சட்டம் எழுதியவர்கள் இந்தப் பாதிக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும்.

ஒரு ஊரில் மூன்று ஆண்டில் பத்துக் கிரையப் பத்திரம். சென்ட் விலை 6,000, 6,000, 6,500, 7,000, 7,000, 8,000, 9,000, 12,000, 14,000, 17,000. பத்தையும் சேர்த்தால் சராசரி 9,250. சட்டப்படி மேல் ஐந்தை மட்டும் எடுத்தால் 12,000. இப்போது கணக்குப் போடும் மேசையில் ஒருவர், "இந்த 17,000 மனைப் பத்திரம், இந்த 14,000 ரோட்டோர நிலம்" என்று இரண்டைத் தள்ளிவிடுகிறார். தள்ளுவதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. உண்மையான சந்தை நிலவரத்தைக் காட்டவில்லை என்று ஆட்சியர் கருதும் விலையை ஒதுக்கலாம் என்கிறது நாலாவது விளக்கம். மிஞ்சிய எட்டில் மேல் பாதி 7,000, 8,000, 9,000, 12,000. சராசரி 9,000. சென்ட்டுக்கு 3,000 போயிற்று. நாற்பது சென்ட் வைத்திருப்பவருக்கு 1,20,000, அதை 1.25-ஆல் பெருக்கினால் 1,50,000. ஆறுதல் தொகையும் சேர்ந்தால் 3,00,000. இரண்டு பத்திரம், இரண்டு பேனாக் கோடு, மூன்று லட்சம்.

அதனால் தீர்வத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள தொகையைப் பார்த்துப் பொருமுவதில் பயன் இல்லை. நடுப்பக்கங்களில் விற்பனைப் புள்ளிவிவரப் பட்டியல் இருக்கும். வரிசை எண், பத்திர எண், தேதி, புல எண், பரப்பு, விலை, கடைசியில் "ஏற்கப்பட்டது" அல்லது "தள்ளப்பட்டது" என்று ஒரு காரணம். விலைக்கு அடிப்படையாக ஏற்றுக்கொண்ட நிலத்தை அலுவலகத்தில் டேட்டா லேண்ட் என்பார்கள். படிக்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். தள்ளியதற்குச் சொன்ன காரணம் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறதா, பட்டியலில் வராமலே போன பத்திரம் உண்டா, முதலில் தள்ளிவிட்டுப் பாதியாக்கினார்களா, எந்த ஆண்டுகளை மூன்று ஆண்டு என்று எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பட்டியலைத் தராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அடுத்தடுத்த புல எண்களுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் விடுபட்டவை தானாக மேலே வரும். தானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை எதுவும் இந்தக் கணக்கில் சேராது. கிராமத்தில் சொத்து பெரும்பாலும் அப்படித்தான் கைமாறுகிறது என்பதால் மூன்று ஆண்டில் மிஞ்சுவது ஐந்தாறு கிரையப் பத்திரமாகக்கூட இருக்கலாம். அப்போது ஒவ்வொன்றின் கனமும் கூடிவிடும்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு கெட்டிக்காரத்தனமும் நடப்பதுண்டு. ரோடு வருகிறது என்று மோப்பம் பிடித்ததும் மச்சான் பெயருக்கு இரண்டு சென்ட்டை ஏகப்பட்ட விலைக்குக் கிரையம் செய்து வைப்பது. அறிவிக்கைக்குச் சில மாதம் முன்னால், சொந்தத்துக்குள், சின்னப் பரப்பில், திடீரென்று எகிறிய விலையில் ஒரு பத்திரம் இருந்தால் அதைத் தள்ளப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படாது. அதோடு நிற்காது, பக்கத்திலிருக்கும் நேர்மையான பத்திரங்கள் மேலும் அந்தச் சந்தேகம் படியும்.

மனைப் பத்திரத்தைக் காட்டி வயலுக்கு விலை கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். மனையில் ரோடும் பொது இடமும் விட்டது போக மிஞ்சியதுதான் விற்கப்படுகிறது. அதனால் சிறு மனையின் விலையைப் பெரிய பரப்புக்கு வைக்கும்போது நீதிமன்றங்கள் மேம்பாட்டுச் செலவு என்று ஒரு பங்கைக் கழிக்கும். மூன்றில் ஒரு பங்கு கழிப்பது பழக்கம், இடத்தைப் பொறுத்து 20 முதல் 75 சதவீதம் வரை போகும். சென்ட் இரண்டு லட்சம் என்று மனைப் பத்திரத்தை நீட்டினால் "ஒரே வகை நிலம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதே பத்திரத்தை, கழிவை நாமே கழித்துக் கணக்கோடு கொடுத்தால் பதில் எழுதியாக வேண்டும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் எதிர் எம். ஹக்கீம், தீர்ப்பு 2021 ஜூலை 20. நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலங்களுக்கு வழிகாட்டி மதிப்பை வைத்துச் சதுர மீட்டருக்கு 46.55 முதல் 83.15 ரூபாய் வரை நிர்ணயித்தார்கள். நடுவராக இருந்த மாவட்ட ஆட்சியரும் அதையே உறுதி செய்தார். மாவட்ட நீதிமன்றம் 645 ரூபாயாக உயர்த்தியது. நம் அளவையில் சொன்னால், ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஏறத்தாழ 1,900 முதல் 3,400 ரூபாய் வரை இருந்தது 26,000-ஐத் தாண்டியது. நடுவர் தீர்ப்பைத் திருத்தித் தொகையை உயர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றுதான் உச்ச நீதிமன்றம் சட்டத்தை வகுத்தது. ஆனால் அதே போன்ற பக்கத்து நிலங்களுக்குக் கூடுதல் தொகை கிடைத்திருந்ததால், அந்த உரிமையாளர்களின் உயர்வில் கை வைக்கவில்லை. பிறகு 2025 ஏப்ரல் 30-இல் காயத்ரி பாலசாமி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சில வரம்புகளுக்குள் திருத்தலாம் என்றது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் நடுவரை நியமிப்பது மத்திய அரசு. நிலம் இழந்தவர் தேர்வு செய்வதில்லை. அதனால் அந்த வழியில் போகிறவர்கள் பத்திர ஆதாரம் முழுவதையும் நடுவர் முன்பே வைத்துவிட வேண்டும். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே நடக்காது.

நெடுஞ்சாலைக்கு எடுத்தால் ஆறுதல் தொகையும் வட்டியும் கிடையாது என்று ஒரு காலம் இருந்தது. அதை 2019 செப்டம்பர் 19-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்று அடித்தது. தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் ஆகியவற்றில் நடைமுறை வேறு. இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டத்தின் அட்டவணைப்படிதான். எனவே நோட்டீஸ் எந்தச் சட்டத்தில் வந்தது என்று முதல் வரியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கெடு நாட்கள் அதைப் பொறுத்தவை. தேசிய நெடுஞ்சாலை என்றால் ஆட்சேபனைக்கு 21 நாள். 2013 சட்டம் என்றால் 60 நாள்.

கிணறு போன பிறகு மிஞ்சும் காடு

விலைக்கு அடுத்து அதிகம் கோட்டைவிடுவது, எடுத்தது போக மிஞ்சிய நிலத்தின் இழப்பை. ரோடு நிலத்தின் ஓரமாகவே போகும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. ஒன்றரை ஏக்கருக்கு நடுவே குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். கிணறும் மோட்டார் ரூமும் இந்தப் பக்கம், தென்னை அந்தப் பக்கம். அல்லது கிணறே ரோட்டில் போய்விடும். மிஞ்சிய 60 சென்ட் ஆவணத்தில் கிணற்றுப் பாசனம், நடப்பில் மானாவாரி. ஒரு முக்கோணத் துண்டு மிஞ்சினால் டிராக்டர் திரும்பவும் இடம் இருக்காது. பிரிவு 28 இவற்றைத் தனித்தனியாகவே கணக்கில் எடுக்கச் சொல்கிறது: நிலத்தைத் துண்டாடுவதால் வரும் இழப்பு, மிஞ்சிய சொத்துக்கும் வருமானத்துக்கும் ஏற்படும் பாதிப்பு, இடம் மாற வேண்டியிருந்தால் அதன் செலவு. ஆனால் கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து எழுதித் தரமாட்டார்கள். வீட்டில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால், முழு வீட்டையும் எடுத்துக்கொள் என்று கேட்கும் உரிமை பிரிவு 94-இல் இருக்கிறது.

இழப்பீட்டுக் கோரிக்கையைச் சொல்லச் சொல்லும் பிரிவு 21 நோட்டீஸ் வந்ததிலிருந்து விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் இருக்கும். அந்த நாட்களில் செய்ய வேண்டியது, நிலத்தில் நின்று எண்ணுவது. தென்னை எத்தனை, காய்ப்பது எத்தனை, கன்று எத்தனை. தேக்கு, வேம்பு என்றால் சுற்றளவு. போர்வெல்லின் ஆழம், மோட்டார், மின் இணைப்பு எண். மண்ணுக்குள் புதைத்த பைப் லைனை அளக்க வருபவர் கண் பார்க்காது, நிலத்துக்காரரும் சொல்ல மறந்துவிடுவார். களம், தொட்டி, மாட்டுக் கொட்டகை, கம்பி வேலி. புலத்தணிக்கையின்போது கூடவே நின்று, அவர்கள் எழுதிய பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குவது நல்லது. பட்டியலில் 14 மரம், காட்டில் 22 மரம் என்ற தகராறை மரம் வெட்டிய பிறகு தீர்க்க வழி இல்லை.

பரப்பையும் சரிபாருங்கள். பத்திரத்தில் சென்ட் இருக்கும், நோட்டீஸில் ஹெக்டேர்–ஏர் இருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். உட்பிரிவு செய்யும்போது பக்கத்துப் புலத்தில் தவறி விழுந்த மூன்று சென்ட் யாருக்கும் கிடைக்காமல் போகும். கூட்டுப் பட்டா, இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும் பட்டா, வாரிசுச் சான்று வாங்காத சொத்து, இவையெல்லாம் பணத்தை நிறுத்தி வைக்கும். உரிமையில் தகராறு என்றால் தொகையை, இழப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தில் கட்டிவிட்டு அலுவலகம் கையைக் கழுவிவிடும். முதல்நிலை அறிவிக்கை வந்த பிறகு நிலத்தை விற்கவோ வில்லங்கப்படுத்தவோ கூடாது என்பதால், பட்டா மாற்றத்தை அதற்கு முன்பே முடித்துவிடுவதுதான் பாதுகாப்பு.

கையெழுத்துப் போடும் நாள்

நாற்பது சென்ட், சென்ட் 12,000 என்று முன்னே போட்ட கணக்கை முடித்துவிடலாம். நிலம் 4,80,000, 1.25-ஆல் பெருக்கி 6,00,000. மரம், கிணறு 1,00,000 என்று கொள்வோம். மொத்தம் 7,00,000, ஆறுதல் தொகை 7,00,000. இதற்கு மேல், சமூகத் தாக்க ஆய்வு அறிவிக்கை நாளிலிருந்து தீர்வம் அல்லது நிலத்தைக் கையில் எடுத்த நாள், எது முந்தியதோ அதுவரை ஆண்டுக்கு 12 சதவீதம். இதைப் பெருக்குவதற்கு முந்தைய நில மதிப்பின் மீதுதான் போடுகிறார்கள். 4,80,000-க்கு ஒன்றரை ஆண்டு என்றால் 86,400. ஆக 14,86,400. இந்த 12 சதவீதம் விடுபட்டுப்போன தீர்வங்களும் உண்டு, எனவே தனியாகத் தேடிப் பாருங்கள். பிரிவு 96-இன்படி இந்த இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால் கேள்வி கேட்கலாம்.

தொகை போதாது என்று நினைப்பவர், பணத்தை வாங்க மறுத்து வீட்டில் உட்கார வேண்டியதில்லை. வாங்கும்போது "தொகை போதாது என்ற ஆட்சேபனையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிரிவு 77-இல் இது வெளிப்படையாக இருக்கிறது: ஆட்சேபனை இல்லாமல் வாங்கியவர் பிரிவு 64-இல் கூடுதல் கேட்க முடியாது. அச்சடித்த ரசீதில் அந்த வரிக்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். ஓரத்திலாவது எழுதிவிட்டு அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தனியார் பேச்சுவார்த்தையில் விலை ஒப்புக்கொண்டு அரசுக்கே கிரையம் எழுதிக்கொடுப்பது வேறு பாதை. அதில் பணம் சீக்கிரம் வரும். ஆனால் அது விற்பனை, பிறகு விலை குறைவு என்று 64-க்குப் போக வழியில்லை.

பிரிவு 64 மனுவுக்குக் கெடு சின்னது. தீர்வம் சொன்னபோது ஆட்சியர் முன் இருந்தவருக்கு ஆறு வாரம். இல்லாதவருக்கு, நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஆறு வாரம் அல்லது தீர்வத்திலிருந்து ஆறு மாதம், எது முதலில் முடிகிறதோ அது. ஆணையம் தொகையைக் கூட்டினால் கூடிய தொகைக்கு, நிலத்தைக் கையில் எடுத்த நாளிலிருந்து முதல் ஆண்டு 9, அதற்குப் பிறகு 15 சதவீதம் வட்டி.

வழக்குப் போட வசதியில்லாமல் ஆட்சேபனையை மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கியவர்களுக்கும் ஒரு கதவு உண்டு. அதே அறிவிக்கையில் நிலம் இழந்த இன்னொருவருக்கு ஆணையம் கூட்டிக் கொடுத்தால், அந்தத் தீர்ப்பு நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மற்றவர்கள் ஆட்சியரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்துத் தங்களுக்கும் மறுநிர்ணயம் கேட்கலாம். பிரிவு 73. சான்றிட்ட நகல் வாங்க ஆகும் நாட்கள் அந்த மூன்று மாதத்தில் சேராது. ஊரில் யார் வழக்கு நடத்துகிறார், எந்தத் தேதியில் தீர்ப்பு என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வராது. வழக்கு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு விசாரித்தபடி இருக்க வேண்டும்.